நம் கொட்டகை மாட்டின் தாய்வழி

நேயர்களுக்கு வணக்கம்.

வாளையாறு தொடங்கி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாடு–கேரள எல்லையோரமாகவே கால்நடை மருத்துவனாக வேலை பார்த்தவன் நான். சாயங்காலக் கறவை முடிந்து, சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வந்து ரேடியோவைப் போட்டிருப்பீர்கள். உங்கள் கொட்டகையில் நிற்கிற மாட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் அயர்லாந்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

டேவிட் மக்ஹியூ என்று ஒரு விஞ்ஞானி. டப்ளின் நகரத்தில் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர். மாட்டின் மரபணு, மாட்டினம் உருவாகி வந்த பரிணாமம், மாட்டுக்கு வருகிற நோய் என்று மூன்றைப் பற்றியும் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதி வருகிறவர். வழக்கமாக இந்த மூன்றும் வெவ்வேறு ஆட்களின் வேலை. மரபணு பார்க்கிறவர் ஊசி மருந்தைத் தொடமாட்டார். ஊசி போடுகிற என்னைப் போன்றவர்களுக்குப் பத்தாயிரம் வருஷத்துக் கதை எதற்கு என்று தோன்றும். மக்ஹியூவின் கட்டுரைகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் அதெல்லாம் ஒரே கேள்வி என்று புரிகிறது. இந்த மாடு எங்கிருந்து வந்தது, அதனால் எந்த நோயைத் தாங்கும், எதைத் தாங்காது? சினை ஊசி போடுகிற ஒவ்வொரு முறையும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

1994-இல் வந்த கட்டுரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போது அவர் டப்ளினிலேயே டிரினிட்டி கல்லூரிக் குழுவில் இருந்தார். அதுவரைக்கும் பலர் நம்பிக்கொண்டிருந்தது என்னவென்றால், எட்டாயிரம், பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓரிடத்தில் மனிதன் காட்டு மாட்டைப் பிடித்துப் பழக்கினான். திமில் உள்ள மாடும் திமில் இல்லாத மாடும் அதிலிருந்து பிரிந்து வந்தவை என்று. இந்தக் குழு ஐரோப்பாவில் ஆறு இனம், இந்தியாவில் மூன்று இனம், ஆப்பிரிக்காவில் நான்கு இனம் எடுத்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தது.

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். உடம்பில் அநேகமாக எல்லாச் செல்லுக்குள்ளும் இருக்கிற ஒரு சிறு உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். தகப்பனுடையது வராது. பாலக்காட்டுப் பக்கம் பழைய நாளில் சில குடும்பங்களில் தறவாடு, அதாவது பூர்வீக வீடு, தாய்வழியாகவே இறங்கியதே, அப்படி. பிறந்தது ஆணோ பெண்ணோ, தாயின் வீட்டைச் சேர்ந்ததுதான். ஆனால் பெண் மூலமாகத்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும்.

படித்துப் பார்த்தால் இரண்டே இரண்டு தாய்வழி. இந்திய மாடுகள் எல்லாம் ஒன்று, ஐரோப்பிய மாடுகள் எல்லாம் இன்னொன்று. இரண்டும் பிரிந்தது குறைந்தது 2 லட்சம் வருஷத்துக்கு முன்னால், 10 லட்சம் வருஷம்கூட ஆகியிருக்கலாம் என்று கணக்கு வந்தது. மனிதன் மாடு வளர்க்கத் தொடங்கியதே சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால்தான். அப்படியென்றால் காட்டில் திரிந்தபோதே இரண்டு வம்சமாகப் பிரிந்துவிட்ட மாடுகளை, இரண்டு இடத்து மனிதர்கள் தனித்தனியாகப் பழக்கியிருக்கிறார்கள். நம் நாட்டு மாடு ஜெர்சியிலிருந்து இளைத்துப்போன மாடு அல்ல. ஜெர்சிக்கு நம் மாடு தூரத்து உறவுதான்.

என்னை உட்கார விடாமல் செய்தது ஆப்பிரிக்க மாடுகளின் முடிவு. அந்த நான்கு இனங்களில் மூன்றுக்குத் திமில் உண்டு. நம் மாடு மாதிரியே திமில். ஆனால் தாய்வழியைப் பார்த்தால், திமில் இல்லாத மாட்டோடு போய்ச் சேர்ந்தது! நான்கில் ஒன்றுகூட இந்தியத் தாய்வழியில் வரவில்லை. எப்படி? அதே குழு ஆண்வழியில் மட்டும் இறங்குகிற ஒய் குரோமோசோமையும் பார்த்தது. அங்கே நம் பக்கத்துக் காளையின் அடையாளம் கிடைத்தது. விஷயம் தெளிவாகிவிட்டது. ஆப்பிரிக்காவின் பழைய மாடு திமில் இல்லாத மாடு. பின்னால் கிழக்கேயிருந்து திமில் காளைகள் போயிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் காளை மாறியது, பசு மாறவில்லை. வெளியே பார்த்தால் திமில், உள்ளே தாய் பழைய தாய்.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காளை மாறியது, பசு மாறவில்லை.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆத்தா இருந்தார்கள். நாட்டுப் பசுவுக்கு நான்தான் ஜெர்சி ஊசி போட்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தோளில் மாட்டிவரும் நைட்ரஜன் கேனைத் திறந்தால் வெண்புகை வழியும், உள்ளே மைனஸ் 196 டிகிரி. அதிலிருந்து, காளையின் விந்தை உறையவைத்திருக்கிற ஈர்க்குச்சி கனத்துக் குழாய் ஒன்றை இடுக்கியால் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் வைத்துத் துடைத்தால், காளையின் நம்பரும் இனமும் பொடி எழுத்தில் தெரியும். அந்தக் காளை எந்த ஊரில் நிற்கிறதென்று பசுவுக்கும் தெரியாது, ஆத்தாவுக்கும் தெரியாது. கன்று பிறந்தது. கிடாரி. காதுத் தோடு போட்டு, கார்டில் ‘ஜெர்சி கலப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆத்தா வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

“ஏனுங் டாக்டரு, இந்தக் கன்னுக்குத் திமிலு வருமுங்களா?”

“லேசா மேடு தட்டுமுங்க ஆத்தா. பெருசா வராதுங்க.”

“அப்பன் குழாயில வந்தவன். இதோட தாயி, அம்மிச்சி எல்லாம் இந்தக் கொட்டாயிலதானுங் கெடந்தாங்க. கார்டுல அவிய பேரையே காணமுங்களே?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. டப்ளின் கட்டுரை பிறகுதான் கைக்குக் கிடைத்தது. படித்ததும் நினைவுக்கு வந்தது ஆத்தாவின் கேள்விதான். ஆப்பிரிக்காவில் பல நூறு வருஷமாக நடந்தது இங்கே குழாய் வழியாக என் ஒரு வேலைக்காலத்துக்குள் நடந்துவிட்டது. காளை மாறியது, பசு மாறவில்லை. நாட்டுப் பசுவுக்கு ஊசி போட்டுப் பெருக்கிய வம்சத்தில், இன்றைக்குச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற கலப்பின மாட்டின் தாய்வழி டிஎன்ஏ நம் நாட்டு மாட்டுடையதுதான்.

கேரளத்தில் இது திட்டம் போட்டே நடந்தது. 1961-இல் வந்த கால்நடை அபிவிருத்திச் சட்டம், லைசென்ஸ் இல்லாத காளைகளைக் காயடிக்கச் சொன்னது. 1963-இல் மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டியில் சுவிஸ் நாட்டு உதவியோடு பண்ணை வந்தது. எஸ்டேட்டில் இருக்கிற நம் ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். பிரவுன் சுவிஸ் காளையை உள்ளூர்ப் பசுவோடு சேர்த்து சுனந்தினி என்கிற மாட்டை உண்டாக்கினார்கள். பால் பெருகியது, பல குடும்பங்கள் தலையெடுத்தன. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கேரளத்து நாட்டு இனமான வெச்சூர்ப் பசு அநேகமாக அழிந்தேபோனது. இடுப்புயரம்கூட வராத அந்தக் குட்டை மாட்டை 1989-இல் தேடிப்பிடித்துச் சேர்த்து, மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் மீட்டெடுத்தவர்கள் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும். தாய்வழி டிஎன்ஏ மட்டும் தங்கினால் போதாது. அது துளியூண்டு. வெயிலைத் தாங்குவது, உண்ணியைத் தாங்குவது எல்லாம் மற்றக் குரோமோசோம்களில் இருக்கிறது. தொடர்ந்து அந்நியக் குழாயே போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை அது பாதிப் பாதியாகக் கரையும். சித்திரை வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைக்கிற மாடும், உண்ணிக் காய்ச்சலில் சிவப்பாய் மூத்திரம் போகிற மாடும் எந்தக் கொட்டகையில் அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

இதைச் சொன்னவுடன் ‘அப்போ நாட்டு மாடுதான் எதற்கும் மேல்’ என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அதையும் ஒப்புக்கொள்ள முடியாது. மக்ஹியூ குழுவினரின் இன்னொரு வேலை மேற்கு ஆப்பிரிக்காவின் நடாமா மாட்டைப் பற்றியது. சின்ன மாடு, திமில் இல்லை. செட்சி ஈ பரப்புகிற டிரிப்பனோசோம் என்கிற கிருமியால் வரும் நோய் அங்கே மாட்டையே அழித்துவிடும். இங்கே சர்ரா என்று நாம் சொல்கிற நோய்க்குப் பங்காளி அது. நடாமாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவின் திமில் மாடான போரானுக்கும் அதே கிருமியைக் கொடுத்து, ரத்தத்தில் எந்தெந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். நடாமா ரத்தசோகையைத் தாக்குப்பிடிக்கிறது, போரான் சாய்கிறது. அங்கே தோற்றது திமில் மாடு! எந்த நோயோடு எத்தனை ஆயிரம் வருஷம் ஒரு வம்சம் வாழ்ந்ததோ அந்த நோயைத்தான் அது தாங்கும். ஆகவே ‘எந்த மாடு உசத்தி’ என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. ‘இந்த ஊருக்கு, இந்த நோய்க்கு எந்த வம்சம்’ என்று கேளுங்கள். அடுத்த முறை ஊசிக்கு வருகிறவரிடம், குழாயில் என்ன எழுதியிருக்கிறது, என் மாட்டில் ஏற்கெனவே எத்தனை பங்கு கலப்பு என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணி காட்டுகிறார்கள். மாட்டுக் காசநோயைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், மக்ஹியூவின் பெரிய வேலையே அதுதான். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக் காசநோய்க் கிருமியும் மனிதக் காசநோய்க் கிருமியும் டிஎன்ஏவில் 99.95 சதவீதத்துக்கு மேல் ஒன்றுதான். மாடு வளர்த்ததால்தான் மனிதனுக்குக் காசம் வந்தது என்று வெகுநாள் சொன்னார்கள். மரபணுவைப் படித்தபோது, மாட்டுக் கிருமிதான் சில துண்டுகளை இழந்திருப்பது தெரிந்தது. அதனால் மனிதக் கிருமி அதிலிருந்து வந்திருக்க முடியாது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் மனிதக் கிருமி மாட்டை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஏன் என்று நுரையீரலின் காவல் செல்களுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறது அவருடைய குழு. மாட்டுக் கிருமி மனிதனைத் தாக்கும், அதுவும் பச்சைப் பால் வழியாக. பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தீனி தின்றும் மாடு இளைத்துக்கொண்டே போய், விடாமல் இருமினால், டியூபர்குலின் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தோலில் ஊசி போட்டு மூன்றாம் நாள் வீக்கத்தை அளப்பார்கள். முடிவு தெரிகிற வரைக்கும் அந்த மாட்டைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டாதீர்கள், மற்ற மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள்.

நன்றி, வணக்கம்.