டின் மீனின் சாற்றைக் கொட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மாதக் கடைசியில் சமையலறை அலமாரியைத் திறந்து, இன்றைக்கு என்ன சமைப்பது என்று யோசித்து நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த மாதிரி நாட்களில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கை கொடுத்த ஓர் உணவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். டின் மீன்தான் அது. அதோடு உருளைக்கிழங்கையோ சோற்றையோ நூடுல்ஸையோ சேர்த்து, ஒரே தட்டில் அடுக்கி, ஓவனில் வைத்துச் சுட்டெடுக்கும் கேசரோல். கேசரோல் என்றதும் சூடு ஆறாமல் வைக்கும் பாத்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது அந்த ஓவன் சாப்பாட்டை.

வசதி இல்லாதபோது வேறு வழியின்றிச் சாப்பிடுவது என்று இதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. ஒரே ஒரு டின்னை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே வயிறாரச் சாப்பிட வைப்பது சாதாரணக் காரியமா? அதற்குக் கைப்பக்குவம் வேண்டும், கணக்கும் வேண்டும். எங்கள் அம்மாவிடம் இரண்டும் இருந்தன.

டின்னைத் திறந்ததும் அம்மா செய்கிற முதல் வேலை, உள்ளே இருக்கும் சாற்றை ஒரு கிண்ணத்தில் வடித்துவைப்பது. ஒரு சொட்டுகூடத் தொட்டியில் போகாது. பிறகு வாணலியில் வெண்ணெய் உருக்கி, மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டிதட்டாமல் கிளறுவார். பாலின் அளவில் பாதியைக் குறைத்து, அந்த இடத்துக்கு மீன் சாற்றை ஊற்றிவிடுவார். சாற்றிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போட மாட்டார். வேகவைத்து வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கு ஓர் அடுக்கு, மேலே உதிர்த்த மீன், அதன் மேல் இந்தக் குழம்பு; மறுபடியும் கிழங்கு, மறுபடியும் குழம்பு. கடைசியில் காய்ந்த ரொட்டியைப் பொடித்துத் தூவி ஓவனுக்குள் வைப்பார். வெளியே வரும்போது ஓரமெல்லாம் பழுப்பேறி, தட்டின் விளிம்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். மொறுமொறுப்பான அந்த ஓரத் துண்டுக்குத்தான் வீட்டில் போட்டி.

சாற்றைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மலிவுச் சமையலின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. மீன் கொஞ்சம், கிழங்கு நிறைய. சாற்றைக் குழம்பில் கலந்துவிட்டால், மீன் போகாத இடத்துக்கும் மீனின் ருசி போய்ச் சேர்ந்துவிடும். எண்ணெயில் அடைத்த மத்தியாக இருந்தால் அந்த எண்ணெயிலேயே வெங்காயத்தை வதக்குங்கள். மீனின் கொழுப்பில் ஒரு பகுதி அந்த எண்ணெயில் இறங்கியிருக்கும். கொட்டினால் அதையும் சேர்த்துத்தான் கொட்டுகிறோம். தக்காளிச் சாற்றில் அடைத்த மீன் என்றால் யோசிக்கவே வேண்டாம், அப்படியே ஊற்றிவிடலாம். மறுபடியும் சொல்கிறேன், சாற்றைக் கொட்டாதீர்கள்.

அடுத்தது எலும்பு. என் தம்பிக்கு மீன் எலும்பு என்றாலே பயம். மிகச் சிறிய வயதில் ஒருமுறை முள் தொண்டையில் சிக்கி, சோற்று உருண்டையை விழுங்க வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, வீடே கலங்கிப்போனது. அன்றிலிருந்து மீன் தட்டைப் பார்த்தாலே எழுந்துவிடுவான். அம்மா அவனை வற்புறுத்தவில்லை. ஒரு நாள் டின்னிலிருந்து ஒரு நடு எலும்பை எடுத்து அவன் கையில் கொடுத்து, “நசுக்கிப் பார், கண்ணா” என்றார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அவன் அழுத்தினான். சுண்ணாம்புத் துண்டு போலப் பொடிந்து மாவாகிவிட்டது. இன்னொன்றைக் கேட்டு வாங்கி நசுக்கினான். பிறகு இன்னொன்று. அன்றைக்கு டின்னில் இருந்த எலும்பு முழுவதையும் அவனே முள்கரண்டியால் மசித்து, மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து அம்மாவிடம் கொடுத்தான். சாப்பிடும்போது இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். அதற்குப் பிறகு டின் மீன் என்றால் எலும்பை மசிக்கிற வேலை அவனுடையது. வேறு யாரையும் தொட விடமாட்டான்.

அந்த எலும்பு எப்படி அவ்வளவு மென்மையானது? டின்னில் மீனை வைத்து, காற்றுப் புகாமல் மூடிய பிறகு, நீராவி அழுத்தத்தில் சுமார் 115 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. பிரஷர் குக்கரில் சமைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நச்சு உண்டாக்கும் கிருமிகளின் வித்துகளைக் கொல்லவே இந்தச் சூடு. அதே சூட்டில் எலும்பும் வெந்து இளகிவிடுகிறது. எலும்போடு அடைத்த மத்தியில் 100 கிராமுக்கு சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே எடைப் பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். இப்படிப்பட்ட எலும்பைப் பொறுக்கி எறிவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சூரை மீன் டின்னில் மட்டும் இதை எதிர்பார்க்க வேண்டாம். சூரையை அடைப்பதற்கு முன்பே எலும்பையும் தோலையும் நீக்கிவிடுவார்கள். மத்தி, கானாங்கெளுத்தி, எலும்போடு அடைத்த சால்மன், இவற்றில்தான் அந்தப் பலன்.

இந்த அடைப்பு முறையின் கதையையும் சொல்லியாக வேண்டும். பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்த் தயாரிப்பாளர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, மூடி, கொதிநீரில் வைத்தால் கெடாது என்று செய்து காட்டினார். 1810-இல் அந்த நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. கிருமிகளின் வேலையை லூயி பாஸ்டர் விளக்கியதெல்லாம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. அதே 1810-இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட், தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் டப்பாவைத் திறப்பதற்கென்று ஒரு கருவி வர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான்! சூரை மீன் டின்னுக்குள் வந்ததும் ஒரு பற்றாக்குறையால்தான். 1903-இல் கலிபோர்னியாவில் மத்தி வரத்துக் குறைந்தபோது, சும்மா கிடந்த டப்பாக்களில் சூரையை அடைத்துப் பார்த்தார்கள். 1934-இல் கேம்பெல்ஸ் நிறுவனம் காளான் கிரீம் சூப்பை டின்னில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கடுமையான பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. சூப் டின் ஒன்று, சூரை டின் ஒன்று, கொஞ்சம் நூடுல்ஸ் என்று கேசரோல் வீடு வீடாகப் பரவியது. எனக்கு என்னவோ வீட்டில் கிளறிய வெள்ளைக் குழம்புதான் பிடிக்கும். அதில்தானே மீன் சாற்றை ஊற்ற முடியும்!

நேரம் நெருங்கிவிட்டது என்று எதிரே கை காட்டுகிறார்கள். முக்கியமானவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உப்பிய டின், கசிகிற டின், விளிம்பு மடிப்பில் நசுங்கிய டின், இவற்றை ருசி பார்க்கக்கூடத் திறக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். மீந்த மீனை டின்னிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரிய மீன்களைவிடச் சிறிய மீன்களில் பாதரசம் குறைவு என்பதால் குழந்தைகளுக்கு மத்தி நல்லது. சோற்றில் செய்யும் முறையை விளக்கமாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கம் இதுதான்: ஆறிய சோறு, அடித்த முட்டை இரண்டு, ஒரு டம்ளர் பால், மீன், அதன் சாறு. எல்லாவற்றையும் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, நடுப்பகுதி கெட்டியாகும் வரை ஓவனில் வையுங்கள். மீன் ஏற்கெனவே வெந்தது, ஆகவே கலக்கும்போது அதைக் கடைசியில் சேர்த்து மெதுவாகக் கிளறினால் போதும். நன்றி, வணக்கம்.