எம்எஸ்டபிள்யூவில் எந்தப் பிரிவு?

வணக்கம். கல்லூரி சேர்க்கை தொடங்கிவிட்டால் எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலைப் படிப்பு பற்றி எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேடம், பொண்ணு எம்எஸ்டபிள்யூ சேரப் போறா, எந்த ஸ்பெஷலைசேஷன் எடுத்தா வேலை கிடைக்கும்?" கேட்பது அப்பாவோ அண்ணனோ. போனை அவளிடமே கொடுங்கள் என்பேன். இப்போது ரேடியோ வழியாக அவளிடமே பேசலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

எந்தப் பட்டம் முடித்திருந்தாலும் சேரக்கூடிய இரண்டு வருடப் படிப்பு இது. சில கல்லூரிகளில் சேரும்போதே பிரிவைக் கேட்பார்கள், பல இடங்களில் முதல் வருடம் எல்லோருக்கும் பொது, இரண்டாம் வருடத்தில்தான் பிரியும். நம் ஊரில் வழக்கமாக இருப்பவை சமுதாய மேம்பாடு, மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணி, மனிதவளம், அப்புறம் சில இடங்களில் குடும்பம், குழந்தைகள் நலம். இதில் மனிதவளம் எப்படி வந்தது, அது எம்பிஏ ஆயிற்றே என்று கேட்பார்கள். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அந்த வேலைக்கு ஆள் தயார் செய்ததில் சமூகப்பணிக் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1936இல் மும்பையில் டாடா அறக்கட்டளை தொடங்கிய சமூகப்பணிப் பள்ளிதான் இந்தியாவில் முதல், சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. அந்தக் காலத்திலிருந்தே தொழிலாளர் நலம் இந்தப் படிப்போடு சேர்ந்துதான் இருக்கிறது.

சரி, எதை எடுப்பது? என் பதில் எப்போதும் களப்பணியில்தான் ஆரம்பிக்கும். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது, ஆஸ்பத்திரிக்கோ, குடிசைப் பகுதிக்கோ, ஆலைக்கோ, குழந்தைகள் இல்லத்துக்கோ போக வேண்டும். திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும், அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த அறிக்கையில் நீங்கள் யாரும் சொல்லாமலே நாலு பக்கம் எழுதுவது எந்த நாளைப் பற்றி என்று பாருங்கள். வேலை நிலவரம் நீங்கள் படித்து முடிப்பதற்குள் மாறிவிடும், அந்த நாலு பக்கம் மாறாது.

ஒரு மாணவி. மனிதவளம்தான் என்று வீட்டில் முடிவு செய்து அனுப்பியிருந்தார்கள். முதல் வருடம் ஒரு அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பிரிவில் போட்டார்கள். அங்கே மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிட்டார். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து நிறுத்தினால் அப்புறம் அதே மருந்துக்கு நோய் அடங்காமல் போகலாம். இவள் விலாசம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மனைவி பேசவில்லை. மறுபடி போனாள், அப்போதும் அவர் இல்லை. அடுத்த வாரம் விடியற்காலையில் மார்க்கெட்டுக்கே போய்விட்டாள். லாரி வருவதே அதிகாலைதான், மாத்திரை கொடுக்கும் இடம் திறக்கும் நேரத்தில் அவர் சுமை இறக்கிக்கொண்டிருப்பார், வந்தால் அன்றைய கூலி போச்சு. அந்தம்மா பேசாததற்குக் காரணம் வேறு, நோய் விஷயம் தெரிந்தால் வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். மாத்திரை சாப்பிடுவதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஊரில் நம்பிக்கையான ஒருவரையே அமர்த்த அரசின் காசநோய்த் திட்டத்தில் வழி உண்டு. அவள் சுகாதாரப் பணியாளரிடம் பேசி, மார்க்கெட் டீக்கடைக்காரரைச் சம்மதிக்க வைத்தாள். மூட்டை தூக்குபவர் மிச்ச மாத மருந்தையும் சாப்பிட்டு முடித்தார். அவள் பிரிவு மாற்றி மருத்துவ சமூகப்பணி எடுத்தாள், வீட்டில் பெரிய சண்டை.

இதைச் சொல்வது மனிதவளம் வேண்டாம் என்பதற்காக இல்லை. அதே மனிதர் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் உள்ள ஆலையில் வேலை பார்த்திருந்தால், தகுதி இருக்கும் பட்சத்தில், காசநோய்க்கு இரண்டு வருடம் வரை சம்பளத்தில் 80 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அது தெரிந்த அதிகாரி ஒருவர் அந்த ஆலையில் இருந்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வராது. காற்றே வராத ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் தெருவைப் பற்றி யோசித்தால் அது சமுதாய மேம்பாடு. ஒரே நோயாளி, நீங்கள் எந்த இடத்தில் நின்று உதவப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அது களத்துக்குப் போகாமல் தெரியாது, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இரண்டாம் வருடப் பிள்ளைகளைப் பிடித்து, "களப்பணிக்கு எங்கே அனுப்புறாங்க, அறிக்கையை யாராவது படிக்கிறாங்களா?" என்று கேளுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற கல்லூரி என்றால் எந்தப் பிரிவு எடுத்தும் பிரயோஜனம் இல்லை.

மனநலப் பக்கம் போக நினைப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநலச் சமூகப்பணியாளர் என்றால் எம்எஸ்டபிள்யூ மட்டும் போதாது, அதற்கு மேல் மனநலச் சமூகப்பணியில் இரண்டு வருட எம்ஃபில் பட்டம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இதற்குப் பெயர்போன இடம். எம்ஃபில் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, விண்ணப்பிக்கும் வருடத்தில் என்ன நிலை என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். நாலு வருடம் படிக்க வீட்டில் முடியுமா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். குழந்தைகள் நலம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுகளில் சமூகப்பணியாளர், ஆற்றுப்படுத்துநர் பணியிடங்கள் உண்டு, பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்எஸ்டபிள்யூ இருக்கிறது, அதிலும் களப்பணி கட்டாயம், அந்த நாட்களுக்கு விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். நன்றி, வணக்கம்.