ப்ளேட்ல வராத ஜீன் – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, பெங்களூருல எம்.எஸ்சி. படிக்கிற ஒருத்தங்க அனுப்பினது: "கேழ்வரகுக் குலைநோய்ப் பூஞ்சையை ஓட்ஸ் அகார்ல வளர்த்து, மைசீலியத்துல (பூஞ்சையோட இழைகள்ல) ஆர்.என்.ஏ. எடுத்து, பி.டபிள்யூ.எல்.2 ஜீனுக்கு க்யூ.பி.சி.ஆர். (ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்குன்னு அளக்கிற சோதனை) போட்டேன் சார். 40 சைக்கிள் ஓடியும் வரல. என் பூஞ்சைல அந்த ஜீன் இல்லைன்னு தீசிஸ்ல எழுதலாமா?"

எழுதிடாதீங்கம்மா. ஆர்.என்.ஏ. வரலைன்னா, அந்த நேரத்துல அந்த ஜீன் ஓடலை, அவ்வளவுதான். ஜீன் இருக்கா இல்லையான்னு டி.என்.ஏ.வைத்தான் கேக்கணும். முதல்ல ஜீனோமிக் டி.என்.ஏ.ல சாதாரண பி.சி.ஆர். போடுங்க, பக்கத்துலயே ஒப்பீட்டுக்கு, எப்பவும் இருக்கிற ஜீனான பூஞ்சையோட ஆக்டினும் ஓடட்டும். ஆக்டின் வந்து இது வரலைன்னாலும் அவசரப்பட வேண்டாம். பிரைமரை (ஜீனைப் பிடிக்கிற சின்ன டி.என்.ஏ. துண்டை) நெல்லைத் தாக்குற 70-15-ங்கிற பூஞ்சை ரகத்தோட ஜீனோமைப் பார்த்துப் போட்டிருப்பீங்க. கேழ்வரகுல இருந்து எடுத்ததுல அந்த இடத்துல எழுத்து மாறியிருக்கலாம். வேற இடத்துல இன்னொரு ஜோடி பிரைமர் போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் "இல்லை"ன்னு சொல்லலாம். பி.டபிள்யூ.எல்.2 மாதிரி எஃபெக்டர் ஜீன் (செடிக்குள்ள பூஞ்சை விடுற புரதத்துக்கான ஜீன்) ஒரு பூஞ்சை ரகத்துல இருந்து இன்னொண்ணுல இல்லாமப் போறது சகஜம்தான்.

சரி, ஜீன் இருந்தும் ப்ளேட்ல ஏன் வரல? எஃபெக்டரோட வேலை செடியோட எதிர்ப்பை அடக்குறது. அகார்ல அதுக்கு வேலையே கிடையாது. இலைக்குள்ள போனதும் எழுற ஜீன்கள் நிறையத்துல, வெளிய இருக்கும்போது, டி.என்.ஏ. சுத்தியிருக்கிற புரதமான ஹிஸ்டோன் எச்3-யோட 27-ஆவது லைசின்ல மூணு மீதைல் ஒட்டியிருக்கும். அது அடைச்சு வெக்கிற குறி. ஃபியூசேரியம் கிராமினேரம்ங்கிற இன்னொரு பூஞ்சைல இந்தக் குறியைப் போடுற கே.எம்.டி.6 ஜீனை எடுத்துட்டா, அடங்கிக் கிடந்த ஜீன்கள் ப்ளேட்லயே கிளம்பிடும். ஆனா பூஞ்சையும் நோஞ்சானாயிடும்.

அதனால செடியிலதான் பாக்கணும். நோய் சுலபமா வர்ற கேழ்வரகு ரகமா எடுங்க, ஜி.பி.யூ.28 மாதிரி தாங்குற ரகம் இதுக்கு ஆகாது. மில்லிக்கு 1 லட்சம் வித்து, 0.02 சதவீதம் ட்வீன் 20, தெளிச்சு 24 மணிநேரம் 25 டிகிரில இருட்டுல, ஈரம் குறையாம. 24, 36, 48, 72 மணிநேரத்துல இலையை வெட்டி உடனே திரவ நைட்ரஜன்ல போடுங்க. தெளிக்காத செடியோட இலையும் கட்டாயம் வேணும். பிரைமர் கேழ்வரகோட ஆர்.என்.ஏ.வைப் பிடிக்குதான்னு அதுலதான் தெரியும்.

24 மணிநேரத்துல பூஞ்சை அப்பதான் உள்ள நுழையுது, எடுக்கிற ஆர்.என்.ஏ.ல பெரும்பங்கு செடியோடது. அதனால ஒப்பீட்டுக்குப் பூஞ்சையோட ஆக்டினோ டியூபுலினோ வெக்கணும். செடியோட ஆக்டினை வெச்சா, பூஞ்சை பெருகினதையே ஜீன் ஏறினதாக் கணக்கு காட்டும்.

இன்னொண்ணு, டெல்டா டெல்டா சி.டி. கணக்கு. சி.டி.ன்னா சிக்னல் தெரிய ஆரம்பிக்கிற சைக்கிள் எண்; ஆக்டினோட சி.டி.யைக் கழிச்சா டெல்டா சி.டி., ரெண்டு மாதிரியோட டெல்டா சி.டி. வித்தியாசம் டெல்டா டெல்டா சி.டி. மைசீலியத்துல வராததுக்கு 40-ன்னு சி.டி. போட்டு, 48 மணிநேரத்துல 25 வந்தா, ஆக்டின் ரெண்டுலயும் ஒண்ணா இருந்தாக்கூட 15 சைக்கிள் வித்தியாசம், சைக்கிளுக்கு ரெட்டிப்புன்னு 32,768 மடங்கு! அந்த 40 நாமளாப் போட்டது, அளந்தது இல்ல. வைவால முதல்ல இதைத்தான் பிடிப்பாங்க. ஆக்டினோட ஒப்பிட்ட டெல்டா சி.டி.யை அப்படியே போடுங்க, மைசீலியத்துக்கு "கண்டறியப்படவில்லை"ன்னு எழுதுங்க. ஆர்.டி. என்சைம் (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வா மாத்துறது) சேர்க்காத குழாயையும் ஓட்டுங்க. அதுல சிக்னல் வந்தா மாதிரியில இருந்த டி.என்.ஏ. முழுசா போகலைன்னு அர்த்தம், டி.என்.ஏ.வை அழிக்கிற டி.என்.ஏஸ் என்சைமை மறுபடி போடணும்.