ஏலக்குரலும் பேட்டிக்குரலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 வந்துபோய்விட்டது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் எல்லாம் நின்றுவிட்டன, நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் கடலுக்குப் போய் வருகிறார்கள். ஜூன் 14 வரைக்கும் நம் கரையில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று படகு மராமத்து, இன்னொன்று பேட்டி. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு நிருபர்கள் வருவார்கள். தடைக்கால நிவாரணம் கைக்கு வந்ததா, 45 நாளாக இருந்த தடையை 2017இல் 61 நாளாக்கினார்களே அதனால் என்ன பாதிப்பு, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகு திரும்பி வந்ததா என்று கேட்பார்கள். பதில் சொல்ல நம்மிடம் ஆள் இருக்கிறது, விஷயமும் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர் பாதியிலேயே சேனலை மாற்றிவிடுகிறார்.

மீனவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பேட்டி கொடுக்கப் பழக்கிவிடுவது என் வேலை. அங்கே நான் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டே குரல்கள். ஒன்று மனுக்குரல். கலெக்டர் ஆபீசில் மனு வாசிப்பதுபோல ஒரே மட்டத்தில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் போகும். இன்னொன்று மேடைக்குரல். முதல் வார்த்தையே உச்சியில் தொடங்கும், கடைசி வார்த்தையும் அங்கேயே நிற்கும். ஒன்று தாழ்வாகவும் மற்றது உரக்கவும் கேட்டாலும் இரண்டிலும் நோய் ஒன்றுதான். குரல் மாறுவதே இல்லை. எஞ்சின் ஓடும்போது படகில் நன்றாகத் தூங்குகிறவர், எஞ்சின் நின்றால் விழித்துக்கொள்வார். கேட்கிறவர் காதும் அப்படித்தான். மாறாத சத்தத்தைச் சீக்கிரமே தள்ளி வைத்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மைக் முன்னால் இப்படிப் பேசுகிற அதே மனுசன் காலையில் மீன் ஏலம் விடுகிறபோது பாருங்கள். ‘ஆயிரத்து நூறு, நூறு, நூறு, நூத்தம்பது’ என்று வேகமாக ஓட்டுவார். விலை கேட்கிறவர்கள் தயங்க ஆரம்பித்ததும் வேகத்தைக் குறைப்பார். ‘ஒரு தரம்’ என்பார். கூடையைப் பார்ப்பார், ஆட்களைப் பார்ப்பார். ‘ரெண்டு தரம்’ என்பதைக் கொஞ்சம் இழுப்பார். அப்புறம் வாயைத் திறக்கவே மாட்டார். அந்த இடைவெளியில்தான் பின்னால் நிற்கிற வியாபாரி ஒருவர் அம்பது ரூபாய் ஏற்றுவார். வேகம், நிதானம், ஏற்றம், இறக்கம், மௌனம் எல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்துபோகின்றன. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கு விற்க வேண்டிய பொருள் இருக்கிறது, எதிரில் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். பேட்டியில் அந்த ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் நான் முதலில் சொல்வது: மைக்கைப் பார்த்துப் பேசாதீர்கள், நிருபர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். எதிரில் ஒரு முகம் இருந்தால் குரல் பாதி வேலையைத் தானே செய்துகொள்ளும்.

இனி எடிட்டிங் அறையில் நடப்பதைச் சொல்கிறேன். பேட்டி கொடுக்கிற பலருக்கு இது தெரியாது. நீங்கள் பத்து நிமிடம் பேசியிருப்பீர்கள். செய்தியில் வருவது பதினைந்து, இருபது விநாடி. அந்த இருபது விநாடியை வெட்டி எடுக்க எடிட்டருக்கு ஒரு முடிவு வேண்டும், அதாவது உங்கள் குரல் கீழே இறங்கி உட்காருகிற இடம். நம் ஆட்கள் பேசுவதைக் கேளுங்கள்: ‘போனோம்ல, போயி வலைய விட்டுட்டு, விட்டுட்டுப் பாத்தா அவுக வந்துட்டாக, வந்துட்டு வலைய அறுத்துவிட்டுட்டு...’ ஒவ்வொரு ‘ட்டு’விலும் குரல் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். திண்ணையில் கேட்க இந்தப் பேச்சு அருமையாக இருக்கும். வெட்டுகிறவருக்கு மட்டும் கத்தி வைக்க இடமே கிடைக்காது. எங்கே வெட்டினாலும் பாதியில் விட்டதுபோல் கேட்கும். கடைசியில் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் சொன்ன ‘அரசு உடனடியாகத் தலையிட வேண்டும்’ என்ற வரியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். உங்கள் வலை அறுந்த கதை குப்பைக்குப் போகும்.

ஆகவே முக்கியமான சேதியைச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள், கடைசிச் சொல்லில் குரலை இறக்குங்கள். ‘வலைய அறுத்துட்டாக.’ இறக்கிவிட்டு நிறுத்துங்கள். ஒரு மூச்சு விடுங்கள். அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் வேறு உயரத்தில் தொடங்குங்கள். பழகப் பழகத்தான் இது வரும். நிறுத்தினால் நிருபர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாரோ என்ற பயம்தான் நம்மை ‘ட்டு, ட்டு’ என்று ஓட்டுகிறது. அவர் பெரும்பாலும் தாவ மாட்டார். மௌனம் வந்தால் நிருபர்கள் காத்திருப்பார்கள், அதுவும் அவர்கள் தொழிலில் கற்றுக்கொண்டதுதான்.

அடுத்தது அழுத்தம். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘நேத்து ராத்திரி ரெண்டு படகு திரும்பி வரல.’ ‘நேத்து ராத்திரி’யை அழுத்திச் சொன்னால், இவ்வளவு நேரமாகியும் யாரும் தேடப் போகவில்லையா என்று கேட்கத் தோன்றும். ‘ரெண்டு’ என்பதை அழுத்தினால் எண்ணிக்கை மனதில் நிற்கும். மற்றதையெல்லாம் ஓட்டிவிட்டு ‘வரல’ என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னால், உள்ளே இருக்கிற ஆட்கள் கேட்கிறவருக்கு ஞாபகம் வருவார்கள். வார்த்தை எதுவும் மாறவில்லை. எல்லாவற்றையும் அழுத்துகிறவருக்கு இந்த வசதி கிடையாது. பேட்டிக்கு முன்னால் ஒன்றே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்தப் பதிலில் எந்தச் சொல் நிற்க வேண்டும்? எண் வருகிற இடத்தில் மட்டும் கட்டாயம் வேகத்தைக் குறையுங்கள். பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை அவசரமாகச் சொன்னால், கேட்கிறவர் காதில் கூண்டு விழும், எண் விழாது. எச்சரிக்கை எந்த அளவு என்பதே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

சத்தத்தைப் பற்றி. கச்சான் காற்றிலும் எஞ்சின் இரைச்சலிலும் கத்தியே பழகிய தொண்டை நம்முடையது. கரையில் நின்று பேட்டி கொடுத்தாலும் அதே கத்தல்தான் வருகிறது. மைக் பக்கத்தில்தான் இருக்கிறது, அதற்குக் கத்தத் தேவையில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, நிருபர் மைக்கைப் பிடித்திருக்கும் பக்கம் காற்று அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கத்தும்போது தொண்டைத் தசை இறுகும், குரல் மேலேறி அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஏற்ற இறக்கம் எங்கிருந்து வரும்? பேட்டிக்கு முன் வெதுவெதுப்பாக ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். நிருபர் வாங்கிக் கொடுக்கிற ஐஸ் சோடாவைப் பேட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

புயல் நேரத்தில் பேட்டி போனில்தான். கஜா வந்த 2018இலும் புரெவி வந்த 2020இலும் சென்னை ஸ்டூடியோக்களிலிருந்து இந்தப் பக்கத்துக்கு எத்தனை அழைப்புகள்! சாதாரண போன் இணைப்பு ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ஆண் குரலின் அடிநாதம் சுமார் 100, 120 ஹெர்ட்ஸில் இருக்கும். அதாவது உங்கள் குரலின் கனம் போனில் போகவே போகாது. குரலைத் தாழ்த்திக் கம்பீரமாகப் பேசலாம் என்று நினைப்பவருக்கு போனில் ஒரு பயனும் இல்லை. அங்கே கைகொடுப்பவை வேகமும் நிறுத்தமும் தெளிவான உச்சரிப்பும். நேரலையில் நீங்கள் பேசுவது ஸ்டூடியோவில் இருப்பவருக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். அவர் குறுக்கிட்டால் சட்டென்று நிறுத்திவிடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் கேட்கிறவருக்கு இரண்டு பேச்சும் இல்லை.

சிலர் கேட்பார்கள்: ‘ஐயா, எனக்குக் குரல் நல்லா இல்லையே?’ நல்ல குரல் வேறு, காதைப் பிடித்து வைக்கிற குரல் வேறு. இதே ராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம் ஐயாவின் குரல் கணீர்க்குரல் அல்ல, கொஞ்சம் மெல்லிய குரல்தான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார், அவர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பார், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத, கிராமத்துப் பெரியவர் பேசுவதுபோன்ற குரல். நகைச்சுவையைச் சொல்லிவிட்டுத் தான் சிரிக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார், நாம்தான் சிரித்துக்கொண்டிருப்போம். டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியோ நேர் எதிர், மணி அடித்ததுபோல ஒவ்வொரு எழுத்தும் விழும். பாக் நீரிணையைத் தாண்டி இலங்கை வானொலி தெளிவாக வந்துகொண்டிருந்த காலத்தில் அதன் அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டே தமிழ் பேசப் பழகியவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். இவர்களில் யாரைப்போலவும் நீங்கள் பேச வேண்டாம். பேட்டியில் இரவல் குரல் சட்டென்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் மேடைக்குரலைவிட அது மோசம்.

நிருபர் சீண்டுகிற கேள்வியோடு வந்தால்? ‘எல்லை தாண்டிப் போனது உங்க தப்புத்தானே?’ என்று வேகமாக, மேல் ஸ்தாயியில் கேட்பார். குரல் ஒட்டிக்கொள்கிற சங்கதி, உங்களையும் அறியாமல் நீங்களும் ஏறிவிடுவீர்கள். அப்படி ஏறுவதைத்தான் அன்று முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அவர் ஏறினால் நீங்கள் ஒரு படி இறங்குங்கள். மெதுவாக, ‘கேளுங்க, சொல்றேன்’ என்று தொடங்குங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் பயிற்சி கொடுக்க மாட்டேன். தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ, வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கே அந்தப் பெண் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டுவார்கள். அவர் குரல் உடையட்டும், பேச்சே வராமல் போகட்டும். ‘இந்த இடத்தில் நிறுத்துங்கம்மா’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கோரிக்கையைச் சொல்ல வேண்டியிருந்தால் கொழுந்தனோ நாத்தனாரோ சங்கத்து ஆளோ பக்கத்தில் நின்று சொல்லட்டும். அந்தம்மா பேச வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நிருபரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், அதையும் தாழ்ந்த குரலில்.

பழக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், செலவில்லாதது. தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் குழு ஒன்றில் செய்து பார்த்தோம். ஒருவர் நிருபராக இருந்து, ‘பாசி எடுக்க ஏன் தடை போடுறாங்க?’ என்று கேட்க வேண்டும். மற்றவர் பதில் சொல்வதை செல்போனில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்க வேண்டும். எந்த இடத்தில் கவனம் நழுவியது என்று கேட்டவர்கள் கை தூக்க வேண்டும். முதல் சுற்றில் எல்லாரும் சிரித்தார்கள். ‘ஏண்டி, நான் இப்படியா இழுக்குறேன்!’ என்று ஒரு அக்கா கேட்டார். இரண்டாம் சுற்றில் அவரே, ‘பதினோரு வயசுல இருந்து இந்தத் தண்ணியிலதான் கெடக்கேன்’ என்று சொல்லி நிறுத்தினார். ஒரு கையும் உயரவில்லை.

உங்களுக்குக் கேள்வி இருந்தால் இப்போது நிலையத்துக்குப் போன் செய்யலாம், பதில் சொல்ல நான் இங்கேதான் இருப்பேன். அழைப்பதற்கு முன்னால் பக்கத்தில் ஓடுகிற ரேடியோவை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் குரலே திரும்பி வந்து கூவும்.