நங்கூரம் எடுப்பதற்குள்

வணக்கம் நேயர்களே. படகு, கப்பல் விஷயத்தில் தகராறு என்றால், வீட்டுப் பத்திரம் பார்த்துக்கொடுத்த வக்கீலிடம்தான் முதலில் ஓடுகிறோம். அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் நிலத் தகராறில் நிலம் எங்கும் போகாது; கப்பல் போய்விடும். அதனால் இதற்குக் கடல் சட்டம் தெரிந்த வக்கீல் வேண்டும்; அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

உங்கள் சரக்கு உப்புத்தண்ணீரில் ஊறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் முதலாளி ஒரு நாட்டில் இருப்பார், கொடி இன்னொரு நாட்டுடையதாக இருக்கும். யார்மேல் வழக்குப் போடுவது? பல நாடுகளில் கப்பல்மேலேயே போடலாம். நீதிமன்ற உத்தரவு வாங்கித் துறைமுகத்திலேயே அதைச் சிறைபிடித்துவிட்டால், அவர்கள் பிணை கட்டித்தான் மீட்க வேண்டும். 1952-இல் இதற்கென்றே ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்தது. அதனால் வக்கீலிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: "இன்று மாலை கப்பல் கிளம்புகிறது, என்ன செய்வீர்கள்?" அவர் மென்று விழுங்கினால், நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள்.

அப்புறம், வழக்குப் போடுவதற்கான கெடு. கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகளான ஹேக்-விஸ்பி விதிகள் செல்லும் இடத்தில், சரக்குச் சேதத்துக்கு ஒரே ஆண்டுதான். கப்பல் மோதலுக்கு 1910 உடன்படிக்கைப்படி 2 ஆண்டு. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும்.

இந்தத் துறையில் வக்கீல்கள் கொஞ்சம் பேர்தான். எதிராளியின் காப்பீட்டாளருக்கும் இவரே ஆஜராகிக்கொண்டிருக்கலாம். கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

சரி, சின்னப் படகுக்காரர்களுக்கும் இதெல்லாம் தேவையா? மோட்டார் பழுதுக்கான பில் தகராறுக்குத் தேவையில்லை, சாதாரண வக்கீலே போதும். பழைய படகு வாங்கும்போதுதான் கவனம். முந்தைய முதலாளி மாலுமிக்குத் தராமல் விட்ட சம்பளம், படகு கைமாறினாலும் படகோடு ஒட்டிக்கொண்டே வரும். கடல் சட்டம் தெரிந்தவர்தான் அதைத் தோண்டிப் பார்ப்பார்.

படகு இடிபட்டிருந்தால், பட்டறைக்கு அனுப்பும் முன் வக்கீலைப் பாருங்கள். லாக் புக்கையும் ஜிபிஎஸ் கருவியையும் எதையும் அழிக்காமல் கொண்டுபோங்கள். உடைந்த பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பலகையில் வேற்று நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தால் யாரையும் துடைக்க விடாதீர்கள். இடித்தது எந்தப் படகு என்று காட்டிக்கொடுக்க, சில சமயம் அந்த ஒரு கீற்றுதான் மிஞ்சும்.

வணக்கம்.