ஈஸ்டர் அன்னைக்கு கல்லறைத் தோட்டத்துல ஆராதனை வைக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு சகோதரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காங்க, கொஞ்சம் பெரிசு, நான் சுருக்கிச் சொல்லிடறேன். "ஐயா, எங்க சபையில இந்த ஈஸ்டர்ல இருந்து புதுசா ஒரு வழக்கம் ஆரம்பிக்கப் போறாங்க. சனிக்கிழமை ராத்திரி முழுக்க சர்ச்ல ஜெபம், விடியக்காலம் 4 மணிக்கு எல்லாரும் நடந்தே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் சூரியன் வர்ற வரைக்கும் பாட்டு, ஆராதனை. விசுவாசம் ஆழமாகும்னு பாஸ்டர் சொல்றார். ஆனா எங்க அத்தை, மாமியாரைத்தான் சொல்றேன், நான் வரவே மாட்டேன்னுட்டாங்க. உயிரோடிருக்கிறவரை மரித்தோரிடத்தில் தேடுகிறதென்னன்னு வசனமே இருக்கு, அப்புறம் கல்லறையில உங்களுக்கு என்ன வேலைன்னு கேக்கறாங்க. கமிட்டியிலயும் ரெண்டு கட்சி ஆயிடுச்சு. இது மனுஷ பாரம்பரியமா, செய்யலாமா கூடாதா?" இதான் கேள்வி.

முதல்ல அத்தைக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிடுங்க. எனக்குப் பிடிக்கல, பேய் பிசாசுன்னு எதையாவது சொல்லாம வசனத்தை வச்சுக் கேக்கறாங்க இல்லையா, அப்படிப்பட்டவங்க ஒரு சபைக்கு வேணும். லூக்கா 24:5, சரியான வசனம். ஆனா அதே காலை, அதே கல்லறை, மத்தேயு 28:6ஐ எடுத்துப் பாருங்க, அங்க தூதன் என்ன சொல்றார், அவர் இங்கே இல்லை, உயிர்த்தெழுந்தார், அவரை வைத்த இடத்தை வந்து பாருங்கள்ங்கறார். இங்க இல்லைன்னும் சொல்றார், வந்து பாருங்கன்னும் சொல்றார். அந்த அம்மாமார் இருட்டோட எழுந்து கல்லறைக்குப் போனதாலதான் அந்தச் செய்தி அவங்க காதுல முதல்ல விழுந்துச்சு, வீட்டுல கதவைப் பூட்டிட்டு இருந்த சீஷர்களுக்கு இவங்க போய்ச் சொல்ல வேண்டியதாயிடுச்சு. அதனால கல்லறைக்குப் போறதே தப்புன்னு அந்த வசனம் சொல்லல, அங்க போய் அவரைப் பிணமா நினைச்சுத் தேடாதீங்கன்னு சொல்லுது.

ரெண்டாவது, புதுசுன்னு சொல்றீங்களே, அது உங்க சபைக்குப் புதுசு. இந்த வழக்கத்துக்கு 1732ல இருந்து கணக்கு இருக்கு. ஜெர்மனியில சாக்சனிப் பக்கம் ஹெர்ன்ஹூட்னு ஒரு சின்ன ஊரு. மொராவியன் மிஷனெரிகள்னு கேள்விப்பட்டிருப்பீங்க, கன்வென்ஷன்ல யாராவது நூறு வருஷம் நிக்காம ஜெபம் பண்ணின கூட்டம்னு சொல்லுவாங்களே, அவங்க ஊருதான். ஜான் ஹஸ்னு ஒரு சபைச் சீர்திருத்தக்காரரை 1415ல எரிச்சுக் கொன்னாங்க இல்லையா, அவர் வழியில வந்த ஜனங்க, பொஹீமியா, மொராவியாவுல, இப்ப செக் நாடுன்னு சொல்ற பக்கம், உபத்திரவம் தாங்க முடியாம ஒளிஞ்சு மறைஞ்சு ஆராதிச்சு, கடைசியில 1722ல எல்லை தாண்டி ஓடி வந்தப்போ சின்சென்டார்ஃப்னு ஒரு பிரபு தன்னோட நிலத்துல குடியிருக்க இடம் குடுத்தார். குடியிருக்க வந்தவங்க ஒண்ணா இருந்தாங்களான்னா, அதான் இல்ல, அஞ்சாறு வருஷத்துல அவனவன் ஒரு உபதேசம், ஒரே சண்டை, ஊரே ரெண்டு மூணா உடையற நிலைமை. 1727 ஆகஸ்ட் 13ல நற்கருணை ஆராதனையில அழுது ஒப்புரவாகி ஒண்ணாச் சேர்ந்தாங்க. இதை ஏன் சொல்றேன்னா அந்த ஈஸ்டர் வழக்கம் வந்தது இதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு. முதல்ல சமாதானம் ஆனாங்க, அப்புறம்தான் பாட்டு. உங்க கமிட்டியில ரெண்டு கட்சின்னு சொன்னீங்களே, அதுக்காகச் சொன்னேன்.

1732 ஈஸ்டர், ஏப்ரல் 13. அந்த ஊர்ல கல்யாணம் ஆகாத வாலிபப் பசங்க ஒரு குழுவா இருந்தாங்க, அவங்க ராத்திரி முழுக்க ஜெபத்துல இருந்துட்டு, விடியறதுக்கு முன்னாடி ஊருக்கு மேல இருக்கற ஹூட்பெர்க் குன்றுல, அங்கதான் அவங்க கல்லறைத் தோட்டம், தேவனுடைய வயல்னு பேரு வச்சிருந்தாங்க, அங்க ஏறிப் போய் உயிர்த்தெழுந்தவரைப் பாடி ஆராதிச்சாங்க. அவ்வளவுதான் நடந்தது. பேனர் இல்ல, சிறப்புச் செய்தியாளர் இல்ல, நோட்டீஸ் இல்ல. அடுத்த வருஷம் நாங்களும் வர்றோம்னு முழு சபையும் சேர்ந்துச்சு. இப்ப உலகம் பூரா ஈஸ்டர் சன்ரைஸ் சர்வீஸ்னு சொல்றோமே, எழுத்துல பதிவான முதல் ஆராதனை இதுதான்னு சொல்லுவாங்க. அங்கிருந்து மிஷனெரிகள் போன இடமெல்லாம் இதுவும் கூடவே போச்சு.

வயல்னு ஏன் பேரு வச்சாங்கன்னா, 1 கொரிந்தியர் 15 தான், விதை மாதிரி விதைக்கப்படும், எழுந்திருக்கும்னு பவுல் எழுதறாரே. அந்தத் தோட்டம் எப்படி இருக்கும்னு சொல்லட்டுமா, எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கல்லறைக் கல்லெல்லாம் தரையோட தரையா படுக்க வச்ச கல்லு, எல்லாம் ஒரே மாதிரி. பணக்காரனுக்கு பளிங்கு மண்டபம், ஏழைக்கு மரச்சிலுவைங்கற கதை கிடையாது. குடும்ப வாரியாவும் கிடையாது, யார் அடுத்து இறக்கறாங்களோ அவங்க அடுத்த குழி, ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வைக்கறது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, அது வேற விஷயம். இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன், அந்தப் பிரபு குடும்பத்துக் கல்லறைகள் மட்டும் நடுவுல மத்ததை விடப் பெரிசா இருக்கும். எவ்வளவு பரிசுத்தவான்களா இருந்தாலும் எங்கயோ ஒரு இடத்துல மனுஷன் எட்டிப் பாத்துடறான், என்ன பண்றது.

ஆனா பொதுவா அங்க கல்லெல்லாம் சமம். இப்ப நம்ம ஊரு கல்லறைத் தோட்டத்தை நினைச்சுப் பாருங்க. திருச்சியில ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள்ளயே ஜாதிச் சுவர் இருக்குன்னு பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. சுவர் இல்லாத ஊர்லயும் இந்த மூலை எங்களுக்கு அந்த மூலை அவங்களுக்குன்னு எழுதாத சட்டம் இருக்கு, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு மரணமே உன் கூர் எங்கேன்னு நீங்க விடிய விடியப் பாடினாலும் விசுவாசம் எப்படிங்க ஆழமாகும்? இதை பாஸ்டர் கிட்டயும் கேளுங்க, நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லுங்க பரவாயில்ல.

வழக்கம் எப்படி வாழ்க்கையோட ஒட்டுதுன்னு பாக்கணும்னா அமெரிக்காவுல நார்த் கரோலினாவுல சேலம்னு ஒரு ஊரு, நம்ம சேலம் இல்ல, மொராவியன்ஸ் உண்டாக்கின சேலம். அங்க 1772ல முதல் தடவை இந்த ஆராதனை நடந்துச்சு, இன்னைக்கும் நடக்குது. முந்தின நாள் சனிக்கிழமை குடும்பம் குடும்பமா வாளி, பிரஷ்ஷோட வந்து அந்தக் கல்லையெல்லாம் தேய்ச்சுக் கழுவி பூ வைப்பாங்க, பேரப்பசங்க தாத்தா கல்லைக் கழுவும்போது தாத்தா யாருன்னு கேப்பாங்க இல்லையா, அங்க நடக்குது பாருங்க வேதபாடம். நடு ராத்திரியில இருந்தே பித்தளை வாத்தியக் குழுக்கள் தெருத்தெருவா வாசிச்சு ஊரை எழுப்பும். இருட்டுல கூடி, கர்த்தர் உயிர்த்தெழுந்தார்னு போதகர் சொல்ல, மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்னு ஜனங்க சொல்ல, அப்படியே நடந்து கல்லறைக்குப் போவாங்க.

நம்ம பக்கம் தரங்கம்பாடிக்கும் இந்த மொராவியன்ஸ் 1760ல வந்தாங்க, ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1706ல வந்து இறங்கின அதே ஊரு, நிக்கோபார் தீவுக்கு மிஷனெரி அனுப்பறதுதான் பிளான், காய்ச்சல்ல நிறைய பேர் போய்ச் சேர்ந்தாங்க, ஏற்கனவே இருந்த மிஷனெரிகளோடயும் ஒத்துப் போகல, 1803ல மூடிட்டுப் போயிட்டாங்க. நாகர்கோவில், தூத்துக்குடி, சென்னைன்னு இன்னைக்கு ஈஸ்டர் விடியல்ல கல்லறைத் தோட்டத்துல ஜெபிக்கற சபைகள் இருக்கு, அதுக்கு இவங்கதான் காரணம்னு அவசரப்பட்டு முடிச்சுப் போட்டுடாதீங்க.

சரி, மனுஷ பாரம்பரியமான்னு கேட்டீங்க. ஆமா, மனுஷங்க ஆரம்பிச்சதுதான். குருத்தோலை பவனியும் அப்படித்தான், நாலாம் நூற்றாண்டு கடைசியில எருசலேமுக்குப் போன எகேரியான்னு ஒரு அம்மா அதைப் பாத்து எழுதி வச்சிருக்காங்க. எஸ்தர் புத்தகத்துல வர்ற பூரிம் பண்டிகையை யார் ஆரம்பிச்சது, ஜனங்கதான். யோவான் 10:22ல பிரதிஷ்டை பண்டிகைன்னு வருதே, மோசேயோட நியாயப்பிரமாணத்துல அது கிடையாது, கி.மு. 164ல ஆலயத்தைச் சுத்திகரிச்சப்போ உண்டாக்கினது, இயேசு அன்னைக்கு ஆலயத்துலதான் இருக்கார், ஏன்டா கொண்டாடறீங்கன்னு திட்டல. அவர் திட்டினது மாற்கு 7ல, கொர்பான், அதாவது இது தேவனுக்குக் காணிக்கைன்னு சொல்லிட்டு அப்பா அம்மாவுக்குச் சோறு போடாம விட்டவங்களை. அதனால அத்தை வரலங்கறதுக்காக அவங்களை விசுவாசத்துல குறைஞ்சவங்கன்னு பேச ஆரம்பிச்சீங்கன்னா, அந்த நிமிஷம் உங்க வழக்கம் மாற்கு 7க்குப் போயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. ரோமர் 14 தெளிவா இருக்கு, ஒருத்தன் ஒரு நாளை விசேஷமா எண்றான், இன்னொருத்தன் எல்லா நாளையும் சமமா எண்றான், அவனவன் மனசுல நிச்சயம் இருக்கட்டும்.

ஒரே ஒரு பயம் எனக்கு இருக்கு. மோசே காலத்து வெண்கல சர்ப்பம் தேவனே செய்யச் சொன்னது, மனுஷ பாரம்பரியம்கூட இல்ல, அதையே பிற்பாடு தூபம் காட்டி கும்பிட ஆரம்பிச்சதால எசேக்கியா ராஜா உடைச்சுப் போட்டார், 2 இராஜாக்கள் 18. கல்லறைக்குப் போற சபையில மெதுவா இறந்தவங்க கிட்ட பேசறது, அவங்களுக்காக வேண்டிக்கறதுன்னு நுழைஞ்சா, அத்தை பயப்படறது நியாயமாயிடும். அதனால ஒவ்வொரு வருஷமும் அங்க நின்னு, நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு சின்னப் பசங்களுக்குப் புரியற மாதிரி ரெண்டு நிமிஷம் சொல்லணும், ஒரு வருஷம் சொல்ல ஆளில்லன்னா அந்த வருஷம் நிறுத்திடுங்க.

செய்யறதுன்னா இப்படிச் செய்யுங்க. முதல் வருஷம் கட்டாயம் வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்ல பேர் குடு பேர் குடுன்னு போட்டு நச்சரிக்கவும் வேண்டாம், விருப்பமுள்ள பத்துப் பேர் போகட்டும், ஹெர்ன்ஹூட்ல பசங்கதானே முதல்ல போனாங்க. சனிக்கிழமை போய் தோட்டத்துல முள்ளு புதரை வெட்டிச் சுத்தம் பண்ணுங்க, உங்க சொந்தக்காரங்க கல்லறை மட்டும் இல்ல, கேக்க ஆளில்லாத கல்லறையையும். மைக்செட் வேண்டவே வேண்டாம், 4 மணிக்கு பக்கத்துத் தெருவுல தூங்கறவங்க என்ன பாவம் பண்ணினாங்க. முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்து அத்தைக்கு ஒரு காபி போட்டுக் குடுத்துட்டு, அங்க என்ன பாடினோம், யாரையெல்லாம் நினைச்சோம்னு சும்மா உக்காந்து சொல்லுங்க, வாங்கன்னு கூப்பிடாதீங்க. அடுத்த வருஷம் அவங்களே செருப்பைத் தேடினாலும் தேடுவாங்க, தேடலன்னாலும் பரவாயில்ல.

அடுத்த கேள்வி, லெந்து நாள்ல மீன் சாப்பிடலாமான்னு ஒரு தம்பி கேட்டிருக்கார்...