பனியா, புகையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஆடிப் பண்டிகைக்குக் கூடியிருக்கும் சேலத்துப் பெருமக்களே, வணக்கம்.

“கடவுளை நம்பச் சான்று எதற்கு? கண்ணப்பர் கேட்டாரா?” என்றார் எதிரணித் தலைவர். கண்ணப்பர் கேட்கவில்லை, சரி. காளத்திக் கோயில் அர்ச்சகர் சிவகோசரியார்? கண்ணப்பர் படைத்த இறைச்சி சந்நிதியில் கிடப்பதைக் கண்டு அவர் பதறியபோது, பேசாமல் நம்பு என்று காளத்திநாதர் சொல்லிவிடவில்லை. கனவில் வந்து, நாளைக்கு ஒளிந்து நின்று பார் என்றார். ஆறாம் நாள் திண்ணனார், அதாவது நம் கண்ணப்பர், தம் கண்ணைத் தோண்டி இறைவன் கண்ணில் அப்பியதை அவர் நேரில் கண்டார். பெரியபுராணமே காட்சிக்கு இடம் கொடுத்திருக்கிறது ஐயா!

சான்றுக்கு நம் சைவ நூலார் வைத்த பெயர் அளவை: நேரில் காணும் காட்சி, கண்டதை வைத்து ஊகிக்கும் கருதல், நம்பத்தக்கோர் சொல்லாகிய உரை. 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார், தம் கருத்துகளை மேற்கோள் (நிறுவ வேண்டிய கருத்து), ஏது (அதற்கான காரணம்), எடுத்துக்காட்டு என்று படிவைத்து நிறுவுகிறார். முதல் சூத்திரம் ‘நம்பு’ என்று தொடங்கவில்லை. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதைச் செய்விக்க ஒருவன் வேண்டும் என்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இறைவன் உலகைச் செய்ய மண் எங்கே என்று கேட்டால், உலகுக்கு மூலப்பொருளான மாயை என்று விடை வைத்திருக்கிறார்கள். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுப்பவனையும் மதித்து ஏது சொன்னார்களே, அந்த நேர்மைக்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

கருதல் எங்கே பிசகும்? ஏற்காட்டுக்கு வாருங்கள். மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல. பழைய எடுத்துக்காட்டு இது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மார்கழி விடியலில் சேர்வராயன் கோயில் மேட்டில் நின்றால், வெள்ளையாய்த் தெரிவது பனிமூட்டம். பனியோ புகையோ என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டென்று துணிவதை மணிமேகலை ஏதுப்போலிகளில், அதாவது காரணம்போல் தோன்றும் பிழைகளில், ஒன்றாகவே எண்ணுகிறது. பிரித்தறிய வழி இருக்கிறது. புகை ஓரிடத்திலிருந்து கிளம்பும், நெடி அடிக்கும், கண் கரிக்கும். பனி பள்ளம் முழுக்கப் பரவிக் கிடக்கும், மூக்குக்கண்ணாடியை நனைக்கும், வெயில் ஏறினால் கலையும்.

‘வேண்டினேன், நோய் தீர்ந்தது’ என்பதையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். வேண்டியும் தீராத முறைகளைக் கணக்கில் சேர்த்தோமா? கூடவே மருந்தும் சாப்பிட்டோமா? வேண்டிக்கொள்ளாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே வாரம் குணமானதா? இவற்றைக் கேட்காமல் அற்புதம் என்று அறிவித்தால், ஒருநாள் அது உடையும். உடையும்போது பிள்ளைகளின் நல்ல பக்தியையும் சேர்த்து உடைத்துவிட்டுப் போகும். என் பதைப்பெல்லாம் அதற்காகத்தான்.

எதிரணியில் அடுத்து எழுபவர் ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லட்டும். சான்றே வேண்டாமென்றால், பரிகாரம் என்று சொல்லி ஏழைத்தாயின் தாலியை அடகுவைக்கச் செய்பவனையும், அவள் கும்பிடும் கோட்டை மாரியம்மனையும் அவள் எதைக்கொண்டு பிரித்தறிவாள்?